பேர் கூப்பிடுகிற தசரதன்

“அட, வா வா வா! எப்போ வந்தே? நல்லா கீறியா?” என்று வந்தவரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார் தசரதன். கோவிலம்பாக்கம் மெயின் ரோட்டில் டீக்கடை வாசல். மேடவாக்கம் போகிற பஸ்கள் ஆளுக்குக் கொஞ்சம் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகின்றன. “பையன் டிப்ளமோ முட்சிட்டானா? மாமியாருக்கு அந்தக் கால் வீக்கம் எப்டி கீது? நாவலூர்ல ஃபிளாட் வாங்கினியே, இன்னும் தண்ணி லாரிதானா?” வந்தவருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. சொந்த அண்ணன்கூட இப்படி விசாரித்ததில்லை. அந்த மனிதர் எந்தக் கடையில் முடி வெட்டிக்கொள்வார் என்பதுவரை தசரதனுக்குத் தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

தெரியாது என்று சொல்வது தப்பு. தெரியும், வராது. “தொண்டையாண்ட வந்து நிக்கிது, வெளிய வரமாட்டேங்குது” என்பார். அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே தேடுதல் வேட்டை நடக்கிறது. அ, ஆ, இ, ஈ என்று ஒவ்வொரு எழுத்தாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவார். அருணாசலமா? ஆறுமுகமா? ‘வ’ வருவதற்குள் எதிராளி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பஸ் ஏறிப் போனபின் பெயர் சாவகாசமாக வந்து நிற்கும். அப்போது அதை யாரிடம் சொல்வது?

ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கைவசம் உபாயங்கள் உண்டு. போனை எடுத்து நீட்டுவார். “புது போனுபா, நம்பரெல்லாம் பூட்ச்சு. நீயே உன் பேரைப் போட்டு வெச்சிக் குடு.” அந்தப் புதுப் போனின் கண்ணாடி இரண்டு வருஷத்துக்கு முன்பே விரிசல் விட்டாயிற்று. அதில் ஒரே ஆள் மூன்று தடவை தன் பெயரைப் பதிந்து கொடுத்திருக்கிறார், மூன்றாவது தடவை முறைத்துக்கொண்டே. போன் பலிக்காத இடத்தில் பொதுப்பெயர்கள் காப்பாற்றும். சின்னவர் என்றால் தம்பி, பெரியவர் என்றால் அண்ணா, பேன்ட்டுக்குள் சட்டையை விட்டிருந்தால் சார். எதிலும் சேராதவருக்குத் தலைவரே. தலைவரே என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளும் ஆள் இந்தப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இவர் பிழைப்பு வேறாக இருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். பிழைப்பு என்றால் சோறு போடும் தொழில் இல்லை. அதற்குச் செங்கல், ஜல்லிக் கடை இருக்கிறது, மகன் சிவகுமார் பார்த்துக்கொள்கிறான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் அடுக்குமாடியாக எழும்பி, அதற்குப் பூந்தோட்டங்களின் பெயரை வைத்தாயிற்று. தசரதனுக்கு ஊருக்குள் இருக்கும் மரியாதை நிலத்தாலோ கடையாலோ வந்ததில்லை. அவர் கோடி கூப்பிடுகிறவர்.

ஒரு வீட்டில் சாவு விழுந்து பதினாறாம் நாள் காரியம் நடக்கும்போது, சம்பந்தி வீடு, மாமன் வீடு, பங்காளி வீடு என்று ஒவ்வொருவரும் புதுத்துணி கொண்டுவந்து போடுவார்கள். அந்தத் துணிக்குக் கோடி என்று பெயர். யாருக்குப் பின் யார் என்ற முறை உண்டு. அந்த முறைப்படி ஊர், உறவு, பெயர் மூன்றையும் சேர்த்து ஒரு குரல் கூப்பிட வேண்டும். “நன்மங்கலம் பெரிய மாமன் வூட்டு கோடி, வெற்றிவேலு!” என்று தசரதன் கூப்பிட்டால் பந்தலின் கடைசி நாற்காலியில் இருப்பவரும் எழுந்து நிற்பார். கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு இல்லையென்றால் மன்னித்துவிடுவார்கள். கருமாதியில் பெயர் மாறினால் அந்தக் குடும்பம் பேரன் காலம்வரை பேசாது. மீசை அரும்பிய வயதிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் பிசகாமல் கூப்பிட்டவர் அவர். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே?

சில வருஷங்களாக அவர் கூப்பிடும்போது பின்னாலேயே அவர் மனைவி கங்கையம்மாள் தண்ணீர் பாட்டிலுடன் நிற்கிறாள். ஒவ்வொருவராகத் துணியுடன் முன்னால் வரும்போதும் பாட்டிலை நீட்டுவாள், நீட்டும்போதே காதில் பெயரைப் போட்டுவிடுவாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கணீரென்று கூப்பிடுவார். “அண்ணிக்கு அண்ணன் மேல எம்மாம் பாசம் பாரு” என்று சனம் கேலி பேசும். “இன்னா பண்றது, இந்த மனுசனுக்கு நாலு பேரைக் கூப்ட்டா தொண்ட காஞ்சிடுது” என்பாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல். பெயருக்கு ஒரு வாய் தண்ணீர் என்றால் பெரிய குடும்பத்துக் கருமாதியில் அவர் வயிறு என்னத்துக்கு ஆகும்? பங்காளிகள் முறை முடிந்து சம்பந்திகள் முறை தொடங்குவதற்குள் இரண்டு தரம் எழுந்து பின்பக்கம் போய்விட்டு வருவார்.

மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தாமே’ என்பார், அவசரம் என்றால் வெறும் ‘மே’. அந்த வயதுக்காரர்கள் யாரும் இங்கே மனைவியைப் பெயரிட்டு அழைக்க மாட்டார்கள். ஊருக்கு அவள் சிவா அம்மா. மற்றவர்களுக்கு அண்ணி, அத்தை, பெரியம்மா. கங்கையம்மாள் என்ற முழுப்பெயருக்கு ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் வேலை இருந்ததில்லை.

போன ஆடிக்கு முன்னால் நடந்த கருமாதியில்தான் எல்லாம் கெட்டது. பந்தலில் ஏதோ ஒரு குழந்தை விழுந்து அடிபட்டுக்கொண்டது என்று கங்கையம்மாள் அந்தப் பக்கம் ஓடினாள். அந்த நேரம் பார்த்து மாமன் முறைக்காரர் துணியோடு முன்னால் வந்து நின்றார். மேடவாக்கத்துத் துரை. தசரதனுக்கு அந்த முகம் தெரியும், அந்த மூக்கு தெரியும், வேப்பமரத்தில் சேர்ந்து ஏறியது தெரியும். கை பின்பக்கம் போய்ப் பாட்டிலைத் துழாவியது. பாட்டில் இல்லை. சனம் காத்திருந்தது. திடீரென்று பெயர் வந்தது, அதுவும் வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு. சந்தோஷத்தில் குரல் வழக்கத்தைவிட ஓங்கியே ஒலித்தது.

“மேடவாக்கம் மாமன் வூட்டு கோடி, லோகநாதன்!”

லோகநாதன் துரையின் அண்ணன். வேளச்சேரி ரோட்டில் லாரி மோதிச் செத்து வருஷம் திரும்பவில்லை. அவருக்கும் தசரதன்தான் கோடி கூப்பிட்டார். பெண்கள் பக்கத்தில் லோகநாதனின் மனைவி பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் காதில் விழுந்ததும் அவள் கத்தவில்லை, அழவில்லை. சட்டென்று தலையைத் தூக்கிப் பந்தல் வாசலைப் பார்த்தாள். யாரோ வரப்போகிறார்கள் என்று பார்க்கிற பார்வை. ஒரு நொடிதான். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஒரு நொடிக்காகத் தசரதன் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

துரை நல்ல மாதிரி. சண்டைக்கு வரவில்லை. பந்தி முடிந்து போகும்போது தோளில் கை வைத்து, “வயசாயிடுச்சிண்ணா. இனிமே இத நான் பாத்துக்கறேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப்பின் நடந்த காரியங்களில் துரைதான் கூப்பிடுகிறார். தசரதன் போவார், நாற்காலியில் உட்கார்வார், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

அந்தக் கருமாதிக்கு அடுத்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் மூட்டு வலி என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். அந்த அம்மா பொறுமைசாலி. “முகம் போகாது, பெரியவரே. பால்காரர் ஒருத்தரைப் பாத்தா பாலு, சைக்கிளு, காலைல மணியடிக்கிறது எல்லாம் சேந்து ஞாபகத்துக்கு வரும். பேருக்கு அப்படிப் பிடிச்சிக்க ஒண்ணும் கிடையாது. சும்மா மேல ஒட்டின ஸ்டிக்கர். அதனாலதான் அது மொதல்ல உரியுது. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கு” என்றாள்.

“மொதல்ல அது உரியுதுன்னா, அப்பறம் இன்னாம்மா உரியும்?” என்று கேட்டார் தசரதன். டாக்டரம்மா மாத்திரை எழுதினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். கங்கையம்மாள் பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு, “சிவாகிட்ட சொல்ல வாணாம். பாவம், அவனுக்கே ஆயிரம் பேஜாரு. நான் கீறேன் இல்ல?” என்றாள். அவள் இருக்கிறாள் என்பதில்தான் அந்த மனிதர் இத்தனை நாளாகக் காலைத் தரையில் ஊன்றி நடக்கிறார்.

அன்றிலிருந்து காலையில் பல் துலக்கும்போது ஒரு பாராயணம். வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு, “சிவகுமார். அனுப்பிரியா. சூர்யா. ஓவியா.” மகன், மருமகள், பேரன், பேத்தி. கதவுக்கு வெளியே துண்டோடு கங்கையம்மாள் நிற்பாள். ஒருநாள் பேத்தியை விட்டுவிட்டார். “சின்னது எங்க பூட்ச்சி?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. “தோ, தோ, ஓவியா!” என்று கத்தினார். எல்லாம் சரியாக ஒப்பித்த நாளில் கதவைத் திறந்து வரும் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை தோற்றது. ஒரு பெயர்கூட நழுவவிடக் கூடாது என்று அப்படிக் காவல் காத்தார். காவல்காரியின் பெயரை அந்த வரிசையில் சேர்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

கார்த்திகை மாதத்தில் கங்கையம்மாளுக்கு நெஞ்சு வலி வந்தது. வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவள் விடிவதற்குள் மூச்சுக்குத் திணறினாள். தாம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ண வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார்கள். சிவகுமார் கையெழுத்துப் போட்டான். அனுப்பிரியா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். தசரதன் ஆஸ்பத்திரி நடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோர் காலையும் மிதித்தார்.

உள்ளே கூப்பிட்டுப் பார்க்கவிட்டபோது கங்கையம்மாள் பச்சை அங்கியில் பாதியாகத் தெரிந்தாள். மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது.

“இங்க நின்னுகினு இன்னா பண்ணப்போற? நம்ம ஊரு பொன்னியம்மன் கோயிலாண்ட போயி என் பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணிட்டு வந்துடு. உள்ள கூட்டிகினு போறதுக்குள்ள வந்துடு.”

“தோ, இப்பவே போறேன்மே.”

“என் பேருக்கு. மறந்துடப் போற.”

“உன்ன மறப்பனா நானு?” என்றார். அவள் சிரித்தாள். ஊரார் பெயரையெல்லாம் அவர் காதில் போட்டவளுக்குத் தன் பெயரையும் போட்டு அனுப்ப வேண்டும் என்று தோன்றவில்லை.

பஸ் சேலையூர் தாண்டும்வரை மனிதருக்குச் சந்தேகமே இல்லை. தேங்காய் எங்கே வாங்கலாம், கோயில் திறந்திருக்குமா என்றுதான் யோசனை. செம்பாக்கத்தில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்தது. அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்பார்களே என்று சாதாரணமாக மனதில் ஒரு தரம் சொல்லிப் பார்க்கப்போனார். சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. இதென்னடா கூத்து என்று நினைத்தார். முகம் வந்தது. அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்த முழங்கைத் தழும்பு வந்தது. தூங்கும்போது கன்னத்துக்கடியில் கையை மடித்து வைத்துக்கொள்வது வந்தது. பானையடித் தீய்ந்த சோற்றைத் தனக்கென்று சுரண்டி எடுத்துவைப்பது, கல்யாணத்தன்று மணவறையில் தும்மியது, தலைப்பிரசவத்தில் இவர் கையைக் கடித்தது எல்லாம் வந்தன. அ, ஆ, இ, ஈ. அஞ்சலையா? இல்லை. ஆண்டாளா? இல்லை. வேங்கைவாசலில் அவருக்கு வேர்த்துவிட்டது. ‘க’ வரிசையில் இரண்டு தரம் நின்று பார்த்துவிட்டு, கமலாவும் கன்னியம்மாளும் மட்டும் வந்ததால் மேலே போய்விட்டார்.

போனை எடுத்தார். ஊரில் பாதிப் பேர் அவரவர் கையாலேயே பெயரைப் போட்டுக் கொடுத்த போன். மனைவியின் நம்பரைத் தேடினார். ‘வூடு’ என்று இருந்தது. அதையே அழுத்தினார். ஆஸ்பத்திரியில் மகன் எடுத்தான்.

“இன்னாப்பா?”

“ஒண்ணுமில்லடா. அம்மா எப்டி கீது?”

“அப்டியேதான் கீது. இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டிகினு போயிடுவாங்களாம். சீக்கிரம் வா. இன்னாப்பா, ஒரு மாதிரி பேசற?”

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். உங்கம்மா பேர் என்னடா என்று எந்த அப்பன் எந்த மகனிடம் கேட்பான்? அதுவும் இந்த நேரத்தில்? “சிக்னல் இல்லடா” என்று வைத்துவிட்டார்.

கோயில் வாசலில் பூக்கடை சரளா அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள். “இன்னாண்ணா, கேள்விப்பட்டேன். கைகால் ஓடல எனக்கு.” தேங்காய், பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தாள். தசரதன் தட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை. ஊரையே ஏமாற்றிய குரலை எப்படியோ தேடிப் பிடித்துக் கேட்டார். “எங்கூட்டு அம்மாவ உனக்கு நல்லா தெரியுமில்ல, சரளா?”

“இன்னா கேள்விண்ணா இது? சிவா அம்மாவ எனக்குத் தெரியாதா? அவுங்க கைநீட்டி மொதப் பூ வாங்கலன்னா எனக்கு வெள்ளிக்கெழமையே கெடயாது.”

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றார். “போண்ணா, அம்மன் கைவுடாது” என்றாள் அவள்.

பழைய குருக்கள் இருந்தால் பிரச்சினையே இல்லை. தட்டைக் கண்டதும் குடும்பத்தின் அத்தனை பெயரையும் கேட்காமலே அடுக்கிவிடுவார். அவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். இவர் புதுசு, சின்ன வயசு, யாரையும் தெரியாது. சன்னதியில் நல்ல கூட்டம். தசரதன் முறை வந்தது.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ.”

“கிருத்திகை. ரிஷப ராசி.”

“பேரு?”

“சிவகுமார் அம்மா.”

குருக்கள் சிரித்தார். “அது சரி, மாமா. அவா பேரு என்ன?”

கை தானாகப் பின்பக்கம் போயிற்று. பின்னால் நின்ற பெண் தன்னைத்தான் தொடுகிறார் என்று கூடையோடு நகர்ந்துகொண்டாள். அம்மன் முகத்தில் மஞ்சள் பளபளத்தது. உள்ளே தேடினார், இருந்த கதவையெல்லாம் தட்டினார். தாம்பரத்தில் இந்நேரம் கட்டிலை உருட்டிக்கொண்டு போயிருப்பார்களோ? வரிசையில் யாரோ, “சீக்கிரம் சொல்லுங்க, சார்” என்றார்கள்.

“சாமி பேருக்கே பண்ணிடு, சாமி” என்றார் தசரதன்.

குருக்களின் முகம் மலர்ந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி, “எல்லாரும் எனக்கு, என் பிள்ளைக்குன்னுதான் கேக்கறா. இந்த மாதிரி அம்பாள் பேருக்கே பண்ணச் சொல்றவா எத்தனை பேர்? நல்ல மனசு மாமா உங்களுக்கு” என்றார். சனம் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்றவர்கள் அவருக்கு அம்மன் நன்றாகத் தெரியட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மணி அடித்தது. தீபாராதனை ஆயிற்று. தசரதன் இரண்டு கைகளையும் மாற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் நிறுத்தியபின்னும் அவர் நிறுத்தவில்லை. குருக்கள் குங்குமத்தை நீட்டிக்கொண்டு நின்றார். சரளா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் பளார் பளார் என்று, கண்ணை மூடாமல், அம்மனைப் பார்த்தபடியே தன் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.